டாலிகாவுக்கு மறுபடி கல்யாணம்

டாலிகா தன் புருஷனை மன்னிக்காமல் கடலுக்குள் இறங்கிப் போனாள். அதற்கு ஊரெல்லாம் சேர்ந்து என்னைத் திட்டியது.

என் பெயர் மென்சூ. மரிகினாவில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறேன். பகல் முழுக்க வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்களுக்குத் தைரியம் சொல்வது என் வேலை. சாயங்காலம் எட்டு மணிக்கு டிவியில் ‘பவளக்குடி’ தொடங்கிவிட்டால் நான் வேறு ஆள். போனைக் கையில் எடுத்தால் முப்பதாயிரம் பேர் கொண்ட ‘டாலிகாவின் படை’க்கு நான்தான் தலைவி. என்னை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. முதலில் ஆரம்பித்தவள் நான், அவ்வளவுதான்.

பவளக்குடி பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். டாலிகா கடல் மக்களின் படைத்தலைவி. காதுக்குப் பின்னால் செவுள், கையில் பவள ஈட்டி. லகான், நிலத்து மக்களின் இளவரசன். இவள் அவனைக் கட்டிக்கொண்டாள். அவன் சிம்மாசனத்துக்கு ஆசைப்பட்டு, கடல் கோட்டைக்குள் போகும் ரகசிய வழியைத் தன் அப்பாவின் படைக்குக் காட்டிக் கொடுத்தான். டாலிகாவின் இரண்டு தம்பிகளும் அந்த வாசலிலேயே செத்தார்கள். பல மாதம் கழித்து லகான் கன்னத்தில் ஒரு தழும்போடு திரும்பி வந்து மணலில் மண்டி போட்டு அழுதான். தழும்பு வந்ததில் முன்னைவிட அழகாகிவிட்டான், அது சேனலின் சாமர்த்தியம். இதற்கு மேல் எங்கள் சீரியல்களில் என்ன நடக்கும் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். வயலின் வரும், அவள் அழுவாள், கட்டிக்கொள்வாள்.

டாலிகா அழவில்லை. அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கழுத்தில் இருந்த கல்யாணச் சிப்பியைக் கழற்றி மணலில் வைத்தாள். திரும்பிக் கடலுக்குள் இறங்கிப் போனாள்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சின்ன வயதிலிருந்து சீரியல் பார்க்கிறேன். விட்டுப் போன பெண்ணை எப்படியாவது இழுத்துக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் நிற்க வைக்காத கதையை நான் பார்த்ததே இல்லை. இவள் ஒருத்தியாவது திரும்பி வரக்கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

எதிர்க்கட்சி உடனே கிளம்பிவிட்டது. லகானையும் டாலிகாவையும் சேர்த்து ‘லக்டால்’ என்று பெயர் வைத்துக்கொண்டு, இருவரும் நிஜத்திலும் காதலிக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிற கூட்டம் அது. எங்களைவிட மூன்று மடங்கு பெரியது. “கல் நெஞ்சுக்காரி” என்றார்கள். “கதாசிரியருக்குப் பைத்தியம்” என்றார்கள். ஒருத்தி நேராக எனக்கே எழுதினாள்: “உனக்குப் புருஷன் இல்ல. அதான் அவளுக்கும் வேணாங்கற.”

அது தப்பு. எனக்குப் புருஷன் இருக்கிறான். அதுதான் பிரச்சினையே.

அர்னெல் ஐந்து வருஷத்துக்கு முன்னால் பதங்காஸ் பக்கம் ஒருத்தியோடு குடித்தனம் வைக்கப் போனான். போகும்போது ரைஸ் குக்கரையும் எடுத்துக்கொண்டு போனான். இந்த வருஷம் ஜனவரியில் அவள் அவனை விரட்டிவிட்டாள் போலிருக்கிறது. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் அம்மாவுக்கு என்சைமாடா இனிப்பு பன் பெட்டியோடு வந்து நிற்கிறான். எங்களைப் போன்றவர்களுக்கு இந்த நாட்டுச் சட்டத்தில் விவாகரத்து கிடையாது. அதனால் ஓடிப்போனவன் எப்போது திரும்பி வந்தாலும் புருஷனாகவே வருகிறான்.

அம்மாவுக்கு அந்தப் பெட்டி போதும். ஜூன் மாதம் எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருஷம். சர்ச்சில் மறுபடி மோதிரம் மாற்றி உறுதி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று என்னைக் கேட்காமலே ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள்.

டாலிகா கடலுக்குள் போன அன்று அம்மா சோற்றுத் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“மன்னிச்சா அவளுக்கு என்ன குறைஞ்சிடும்?” என்றாள்.

“ரெண்டு தம்பிங்க செத்திருக்காங்கம்மா.”

“அதெல்லாம் கதைக்காகச் செத்தது. ஆம்பளை மண்டி போட்டு அழறான். அதுக்கு மேல என்ன வேணுமாம்?”

“ஒண்ணும் வேணாம்னுதானே போயிட்டா.”

“ஃபாதர்கிட்ட பேசிட்டேன். ஜூன் ரெண்டாவது சனிக்கிழமை சர்ச் காலியா இருக்காம்.”

எனக்கு அம்மாவிடம் முகத்துக்கு நேரே பேச வராது. படையில் முப்பதாயிரம் பேருக்கு ஆணை போடுகிறவள், வீட்டில் மீன் முள்ளைப் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை முன்னோட்டம் வந்தது. தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கை நீள்கிறது. மணலில் இருந்து ஒரு கை நீள்கிறது. விரல் நுனிகள் தொடப் போகிற நேரத்தில் இருட்டிவிட்டது. திங்கட்கிழமைக்கு சேனல் கொடுத்த ஹேஷ்டேக்: ‘கடல்மன்னிக்கும்’.

உடனே ஜெபாய் போன் செய்தான். ஜெபாய் இரண்டு தெரு தள்ளி அழகு நிலையம் வைத்திருக்கிறான். படையில் எனக்கு அடுத்த ஆள். அவன் நாக்கு அவன் கத்தரிக்கோலைவிடக் கூர்மை.

“அக்கா, அந்தக் கையைப் பாத்தியா? அவ கைதான் அது. நகப்பூச்சைப் பாத்தே கண்டுபிடிச்சிட்டேன்.”

“பாத்தேன்.”

“சும்மா விடப் போறியா?”

சும்மா விடுவேனா. எங்கள் உலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் சேனல் ஒரு டேக் கொடுக்கும். அது இல்லாமல் என்ன எழுதினாலும் கிணற்றுக்குள் கத்துவதுபோலத்தான், யார் கண்ணிலும் படாது. ஆகவே திங்கட்கிழமை காலையில் படைக்கு ஆணை போட்டேன். எட்டு மணிக்கு எல்லாரும் சேனல் கொடுத்த டேக்கிலேயே திட்டுங்கள். அவர்கள் பார்க்காமல் தப்பிக்கக் கூடாது.

என் படைப் பிள்ளைகள் எப்படித் திட்டினார்கள் தெரியுமா. ரியாத்தில் நர்ஸாக இருக்கிற ஒருத்தி இரண்டு ஊசிக்கு நடுவில் ஒன்று என்று எழுதிக்கொண்டே இருந்தாள். பாதிரியார் படிப்பு படிக்கிற ஒரு பையன், மன்னிப்பதற்கும் திரும்ப வீட்டுக்குள் சேர்ப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பைபிளிலிருந்தே எடுத்துப் போட்டு லகானைக் கிழித்துத் தொங்கவிட்டான். ஜெபாய் எழுதியதை இங்கே சொல்ல முடியாது. லக்டால் கூட்டம் எங்களுக்குப் பதில் சொல்ல, நாங்கள் அவர்களுக்குப் பதில் சொல்ல, ஒன்பது மணிக்கு அந்த டேக் நாட்டிலேயே முதல் இடத்துக்கு வந்துவிட்டது. உலகத்தில் மூன்றாவது. ஜெபாய் போனில் அழுதேவிட்டான். ஜெயித்துவிட்டோம் என்று நானும் நினைத்தேன்.

மறுநாள் காலையில் சேனல் பூப்போட்ட படம் ஒன்றை வெளியிட்டது. “நன்றி. நாடே சொல்லிவிட்டது: கடல் மன்னிக்கும்.” கீழே இரண்டு மோதிரங்கள்.

மத்தியானம் ஐவி என்ற பெண் போன் செய்தாள். சேனலின் விளம்பரப் பிரிவாம். தேன் ஒழுகுகிற குரல்.

“மென்சூ அக்கா, நீங்க கலக்கிட்டீங்க. மேல எல்லாரும் ஆடிப் போயிட்டாங்க. வியாழக்கிழமை கல்யாணக் காட்சி எடுக்கறோம். கடல் மக்களா ரசிகர்களையே நிக்க வைக்கலாம்னு முடிவு. உங்க படைக்குத்தான் முன் வரிசை.”

“யாருக்குக் கல்யாணம்?”

“டாலிகாவுக்கும் லகானுக்கும்தான். மறுபடி.”

போகவே கூடாது என்று முதலில் நினைத்தேன். போய் நேரில் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று பிறகு தோன்றியது. படப்பிடிப்புக்கு ரசிகர்கள் வெறுங்கையோடு போகக்கூடாது, அது மரியாதை இல்லை. கோபமாக இருந்தாலும் ஆறு தட்டு பன்சிட் நூடுல்ஸும் ஒரு கூடை லும்பியா ரோலும் கட்டிக்கொண்டு வேனில் ஸம்பாலெஸ் கடற்கரைக்குப் போனோம். அங்கே பவள நிற அங்கியை மாட்டிவிட்டார்கள். தலையில் சிப்பிக் கிரீடம். வெயிலில் பசை உருகி நெற்றியில் வழிந்தது. ஜெபாய் மட்டும் அதிலும் அழகாக இருந்தான்.

பந்தலுக்குக் கீழே கதாசிரியர் மடியில் கணினியை வைத்துக்கொண்டு எங்கள் லும்பியாவைத் தின்றுகொண்டிருந்தார். நார்ட்ஸ் என்று பெயர். இந்தத் தொழிலில் இன்று எழுதுவதை இன்றே எடுத்து நாளைக்குப் போட்டுவிடுவார்கள். பக்கத்தில் அச்சு எந்திரம் அப்போதுதான் எழுதிய தாளைத் துப்பிக்கொண்டிருந்தது. மனுஷன் தூங்கிப் பல நாள் இருக்கும்.

“சார், நாங்க வாழ்த்தல. திட்டினோம்,” என்றேன்.

“தெரியும் மேடம். ஒக்காந்து படிச்சேன். என்னையும் சேத்துத் திட்டியிருந்தீங்க. நல்லாதான் இருந்துச்சு.”

“அப்புறம் எதுக்கு இந்தக் கல்யாணம்?”

“மேல போற கணக்குல எத்தனை பேர் எழுதினாங்கன்னு இருக்கும். என்ன எழுதினாங்கன்னு இருக்காது.” அவர் கையைத் துடைத்துக்கொண்டார். “அந்த முன்னோட்டம் சும்மா ஒரு கனவுக் காட்சி மேடம். திங்கட்கிழமை கை தொடறதோட நிறுத்திட்டோம். மறுநாள் அவ முழிச்சுக்குவா, கையை எடுத்துக்குவா. அப்படித்தான் எழுதி வச்சிருந்தேன். உங்க நம்பரைப் பாத்ததும் அவ முழிக்கிறதை வெட்டிட்டு கல்யாணம் வைக்கச் சொல்லிட்டாங்க.”

கையில் எடுத்த லும்பியாவைத் திரும்பத் தட்டில் வைத்தேன். நாங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவள் தப்பித்திருப்பாள்.

“அக்கா,” என்றான் ஜெபாய் மெல்ல, “அப்போ கல்யாணப் பத்திரிகைய நாமளே அடிச்சுக் குடுத்திருக்கோம்.”

காலையிலிருந்து ஊர்வலம் எடுத்தார்கள். நான் மணப்பெண்ணுக்குப் பின்னால் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு வந்தேன். டாலிகாவாக நடிக்கிற பெண் இடைவேளையில் குடைக்குக் கீழே சின்ன மின்விசிறியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் பார்ப்பதைவிட ஒல்லி. என்னைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

“அக்கா, நீங்கதானே படைத் தலைவி? நானும் கேட்டுப் பாத்தேன். இவ அப்படிச் செய்ய மாட்டாளேன்னு சொன்னேன். வேலையாகல.” கையில் இருந்த தாளைக் காட்டினாள். “எனக்கு வசனம் இதான். ‘கடல் யாரையும் வெளிய நிறுத்தாது.’ நீங்களே சொல்லுங்க, நிறுத்தாதா?”

“போன புயல்ல எங்க சித்தி வீட்டையே தூக்கிட்டுப் போச்சு,” என்றேன். “அதுக்கு யாரையும் மன்னிச்சுப் பழக்கமில்ல.”

அவள் சிரித்தாள். உடனே யாரோ வந்து அவள் உதட்டுச் சாயத்தைச் சரிசெய்தார்கள்.

பொழுது சாயப் போகும் நேரத்தில்தான் முக்கியமான காட்சி. கடல் மக்களின் பெரியவர் எழுந்து, “கடல் இவனை ஏற்கிறதா?” என்று கேட்பார். நாங்கள் எல்லாரும் கையில் இருக்கிற இரண்டு சிப்பிகளைத் தட்ட வேண்டும். எங்கள் கல்யாண விருந்துகளில் மணமக்கள் முத்தம் கொடுக்கும்வரை கோப்பையைக் கரண்டியால் தட்டிக்கொண்டே இருப்போமே, அதே மாதிரி. தட்டத் தட்ட டாலிகா மனம் இளகி அவன் கையைப் பிடிப்பாள்.

பெரியவர் கேட்டார். சுற்றிலும் சடசடவென்று தட்டினார்கள். நான் தட்டவில்லை.

யோசித்து முடிவெடுத்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். கை எழவில்லை. என் வாழ்க்கையில் எத்தனை கல்யாணத்தில் எத்தனை கோப்பையைத் தட்டியிருக்கிறேன், அந்தப் பெண்ணுக்கு விருப்பமா என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இவள் முகத்தை நான் மத்தியானம் பார்த்துவிட்டேன்.

“நிறுத்துங்க,” என்றது ஒலிபெருக்கி. டைரக்டர் வெங் என்கிற அம்மா, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஏணி மேல் உட்கார்ந்திருந்தாள். உதவி டைரக்டர் என்னிடம் ஓடி வந்தாள்.

“அக்கா, கை வலிக்குதா?”

“இல்லையே.”

“அப்போ தட்டுங்க.”

“மாட்டேன்.”

“இது நடிப்புதான்கா.”

“நடிக்கவும் வரல.”

இரண்டாவது தடவை எடுத்தார்கள். நான் சிப்பிகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டேன். ஜெபாய் பல்லைக் கடித்துக்கொண்டு, “தட்டித் தொலைக்கா, லகான் என்னையே பாக்கறான்,” என்றான். ஆனால் பெரியவர் மறுபடி கேட்டபோது அவனும் ஒரு தட்டோடு நிறுத்திவிட்டான். எனக்கு இடது பக்கம் ரெண்டு பேர் நிறுத்தினார்கள். மற்றவர்கள் எல்லாரும் சந்தோஷமாகத்தான் தட்டினார்கள். அவர்களில் பாதிப் பேர் என் படை. டிவியில் வரப் போகிறோம் என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு தட்டினார்கள்.

“அந்தப் பொம்பளையைத் தூக்கிப் பின்னாடி போடுங்க,” என்றாள் டைரக்டர்.

காட்சிக்குக் காட்சி பொருத்தம் பார்க்கிற பெண் கையைப் பிசைந்தாள். “முடியாது டைரக்டர். காலையிலேருந்து எடுத்த எல்லாத்துலயும் மணப்பொண்ணு தோளுக்குப் பின்னாடி இவங்கதான் இருக்காங்க. திடீர்னு காணாமப் போனா தெரியும்.”

வானம் சிவந்துகொண்டிருந்தது. இந்தக் காட்சி மறுநாள் எட்டு மணிக்கு வீடுகளில் ஓடியாக வேண்டும். சூரியன் யாருக்காகவும் இன்னொரு தடவை இறங்காது. ஐவி மணலில் குதிகால் செருப்பு புதையப் புதைய ஓடி வந்தாள். குரலில் இப்போது தேன் இல்லை.

“அக்கா, இனிமே உங்க குழுவுக்கு எந்த நிகழ்ச்சிக்கும் அழைப்பு வராது. சேனல் பட்டியல்லேருந்தே எடுத்துடுவாங்க.”

“எடுக்கட்டும்.”

“ஏன்கா இப்படி? வெறும் சீரியல்.”

“வெறும் சீரியல்னா நான் தட்டலன்னு இத்தனை பேர் எதுக்கு ஓடி வர்றீங்க?”

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு பார்வை பார்த்தாள். “விடுங்க. சத்தத்தை அப்புறம் சேத்துக்கலாம். எடு,” என்றாள்.

டாலிகா வசனத்தைச் சொன்னாள். அவன் கையைப் பிடித்தாள். கட்டிக்கொண்டபோது அவள் முகம் அவன் தோளுக்கு மேலே என் பக்கம் இருந்தது. எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. பாவம், சம்பளம் வாங்குகிறவள், சொன்னதைச் செய்துதான் ஆக வேண்டும். நான் சம்பளம் வாங்கவில்லை.

திரும்பும்போது வேனில் பாதிப் பேர் என்னோடு பேசவில்லை. “நம்ம எல்லாரோட பேரையும் கெடுத்துட்டா” என்று பின் இருக்கையில் யாரோ சொன்னது எனக்குக் கேட்க வேண்டும் என்றேதான் சொன்னார்கள். ஜெபாய் தூங்குகிற மாதிரி நடித்துக்கொண்டே என் தோளில் சாய்ந்துகொண்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கூடம் நிறைய ஆட்கள். மகள் டிவியில் வருகிறாள் என்று அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள். பிளாஸ்டிக் நாற்காலிகள், கோக், ஒரு பெரிய தட்டு நிறையப் பன்சிட். நடுவில் சோபாவில் அர்னெல் உட்கார்ந்திருந்தான். புதுச் சட்டை. எனக்காகத் தன் பக்கத்தில் இடம் வைத்திருந்தான். நான் கதவோரம் நின்றேன்.

ஊர்வலத்தில் நான் வந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பெரியவர் எழுந்து கேட்டார். கூடம் முழுக்கச் சிப்பிச் சத்தம் நிறைந்தது. எங்கிருந்தோ எடுத்துச் சேர்த்திருந்தார்கள், ஆயிரம் பேர் தட்டுவதுபோல இருந்தது. டாலிகாவும் லகானும் கட்டிக்கொண்டார்கள். அவர்களுக்குப் பின்னால், திரைக்கு நட்டநடுவில், கிரீடம் சரிந்து, கையைக் கட்டிக்கொண்டு, பல் தேய்க்காமல் வந்தவனைப் பார்க்கிற முகத்தோடு நான் நின்றுகொண்டிருந்தேன். கேமரா மெதுவாக நெருங்கியது. முத்தம் முடிகிறவரை நான் அப்படியே நின்றேன்.

பக்கத்து வீட்டுக்காரி சிரிக்க ஆரம்பித்து, அம்மாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். விளம்பரம் வந்தது.

அர்னெல் திரும்பினான். “எல்லாரும் தட்டறாங்க. நீ ஏன் தட்டல?”

“எனக்கு அவனை மன்னிக்கத் தோணல.”

“டாலிகாவே மன்னிச்சுட்டாளே.”

“அவளுக்கு எழுதிக் குடுத்தாங்க. எனக்கு யாரும் எழுதிக் குடுக்க முடியாது.”

அம்மா என்னைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். “அப்போ ஃபாதர்கிட்ட நான் என்ன சொல்றது?”

“அந்தச் சனிக்கிழமைய வேற யாருக்காவது குடுக்கச் சொல்லுங்கம்மா.”

இதைச் சொன்னது நான்தான் என்று எனக்கே ஒரு நொடி நம்ப முடியவில்லை. ஆனால் வார்த்தை வந்துவிட்டது. சொன்ன பிறகு இன்னும் நாலு வார்த்தை பேசலாம் போல இருந்தது.

அர்னெல் எழுந்து என் பக்கத்தில் வந்தான். மண்டி போடப் போகிறானோ என்று பயந்தேன், போடவில்லை. தாழ்ந்த குரலில், “இவ்வளவு பேர் முன்னாடி வேணாம் மென்சூ. நாம உள்ள போய்த் தனியா பேசிக்கலாம்,” என்றான்.

“நாடே பாத்துச்சு அர்னெல்,” என்றேன். “உனக்கு மட்டும் தனியா இன்னொரு தடவை சொல்லணுமா?”

அவன் வாசலில் செருப்பைத் தேடப் போனான். அம்மா எழுந்து, அவனுக்கென்று பன்சிட் போட்டு வைத்திருந்த தட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள்.